மணிமேகலையில் ஒலியும் புகார் நகர வரைவும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடைப்பட்ட நாளங்காடி எனப் புகாரைப் பகுத்துக் காட்டுகிறது. புகாரின் பண்டைய நகரப்படத்தை வரைய விழைவோர்க்கு இப்பகுப்பு உற்ற துணையாகும். மணிமேகலையை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. அக்காப்பியம் இடங்களை உறவுகளால் நிறுத்துகிறது. அவ்வுறவை உணர்த்துவது பெரிதும் ஒலியே.

சோலைத் தேர்வு

கண்ணீர் பட்டுத் தூய்மை இழந்த மாலைக்கு மாற்றாகப் புதுமலர் கொய்ய மணிமேகலை புறப்படுகிறாள். உடன்செல்லும் சுதமதி இலவந்திகை, உய்யானம் முதலிய சோலைகளை ஒவ்வொன்றாக விலக்குகிறாள். தொலைவு அங்கே காரணமன்று. அவ்விடங்களில் இருப்போர் யாவர் என்பதே காரணம். எஞ்சுவது புத்தரின் பாதபீடிகை அமைந்த உவவனம்.

மூன்று ஒலிநிலைகள்

வழியில் மணிமேகலையைக் கண்ட எட்டிகுமரன், கோவலன் உற்ற துயரை நினைந்து கலங்க, அவன் கை யாழின் பகைநரம்பில் செல்கிறது. நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என வகுக்கும் இசைமரபில் இது வெறும் கைப்பிழையன்று, உள்ளத்தின் முறிவு. அவன் செயலற்றிருந்த காரணத்தை வினவும் உதயகுமரன், அவள் மலர்வனம் புகும் செய்தியை அறிகிறான். இசை பிறழ்ந்த இடமே அரசகுமரனுக்கு வழிகாட்டியாகிறது. அடுத்து, அவனது தேர்மணியோசை மணிமேகலையை எச்சரிக்கிறது. இறுதியில் அவள் புகும் பளிக்கறை, உருவைப் புறத்தே காட்டி ஓசையை உள்ளடக்கும் இயல்பினது. காண இயன்றும் அணுக இயலாத நிலையை உதயகுமரன் அங்கே எதிர்கொள்கிறான். ஆடலும் பாடலும் துறந்த மாதவியின் மகள், ஓசை புறம்போகா அறையில் காக்கப்படுவது பொருள் பொதிந்தது.

முடிவுரை

பல்லவனேசுவரத்தில் 1960களில் நிகழ்ந்த அகழாய்வு பௌத்த விகாரம் ஒன்றையும் புத்தபாதக் கல்லையும் வெளிப்படுத்தியது. காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்தம் நிலைபெற்றிருந்தமைக்கு இது சான்று. ஆயினும் பாதபீடிகை என்னும் ஒப்புமை ஒன்றையே பற்றி அவ்விடத்தை உவவனம் எனக் குறித்தல் பொருந்தாது. காப்பியம் உவவனத்தின் திசையையும் தொலைவையும் அளந்து தரவில்லை. யார் எதைக் கேட்டு எங்கே சென்றனர் என்பதையே தருகிறது. ஆதலின் அகழாய்வுப் புள்ளிகளையும் காப்பிய இடங்களையும் ஒரே படத்தில் ஒன்றாக்காமல், தனித்தனி அடுக்குகளாக வரைவதே ஆய்வு நெறிக்கு ஏற்றது.