கடனும் குற்றமும்: கர்த்தர் கற்பித்த செபத்தின் ஒரு விண்ணப்பம்

கிறிஸ்தவத் திருச்சபைப் பிரிவுகள் அனைத்துக்கும் பொதுவான பிரார்த்தனை, இயேசு தம் சீடர்க்குக் கற்பித்ததென நற்செய்தி நூல்கள் கூறும் பிரார்த்தனையாகும். பரமண்டல ஜெபம், பரலோக மந்திரம், கர்த்தர் கற்பித்த செபம் எனத் தமிழில் அது பல பெயர் பெறும். நம்பிக்கையாளர்க்கு அது வழிபாடு. ஆயினும், மொழியால் ஆகிய பனுவல் என்ற வகையில் அது இலக்கிய ஆய்வுக்கும் உரியதே. அதன் விண்ணப்பங்களுள் மன்னிப்பு வேண்டும் ஒன்றினையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வேண்டுவோன் தானும் ஒரு செயலுக்குப் பொறுப்பேற்கும் இடம் இச்செபத்தில் அது ஒன்றேயாகும்.

இச்செபம் மத்தேயு நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்திலும், சற்றுச் சுருங்கிய வடிவில் லூக்கா நற்செய்தியின் 11 ஆம் அதிகாரத்திலும் இடம்பெறுகின்றது. மத்தேயுவின் கிரேக்க மூலம் மன்னிக்க வேண்டுவது 'கடன்களை'. லூக்காவோ 'பாவங்கள்' என்கிறார். எனினும் அடுத்த தொடரிலேயே 'எமக்குக் கடன்பட்டோர்' எனப் பழைய சொல்லுக்கு மீள்கின்றார். இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்னும் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது என்பதை அறிந்தால் இவ்வேறுபாடு விளங்கும். அங்கு ஒன்றாயிருந்த பொருள்கள் கிரேக்கத்தில் இரு சொற்களாகப் பிரிந்தன.

இது வெறும் உருவகமன்று. ஏழாம் ஆண்டுதோறும் கடன்களை விட்டுவிடுமாறு உபாகமத்தின் 15 ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அவ்விதியால் கடன் கொடுப்போர் தயங்கியமையின், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துப் பின்னரும் அறவிடுவதற்கான 'புரொஸ்புல்' என்னும் முறையை ஹில்லெல் ஏற்படுத்தினார் என யூத மரபு கூறும். இத்தகைய சமூகத்திற் பிறந்த விண்ணப்பத்தைக் கேட்டோர்க்குக் கடன் என்பது அன்றாட அச்சமாகும். மத்தேயு 18 ஆம் அதிகாரத்து உவமையும் இதனை உறுதிசெய்கின்றது. பதினாயிரம் தாலந்து விடப்பெற்ற ஊழியன், நூறு தெனாரியத்துக்காகத் தன் உடனூழியனைச் சிறையிலிடுகிறான். தாலந்து ஒன்று 6,000 தெனாரியம். தெனாரியம் ஒன்று ஒருநாட் கூலி. தான் பெற்ற விடுதலையின் ஆறு இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட அவன் பிறர்க்கு அளிக்கவில்லை.

தமிழ் மொழிபெயர்ப்புகள் இவ்விடத்தில் இருவழிப்படுகின்றன. புரட்டஸ்தாந்தரிடையே நெடுங்காலமாக வழங்கும் விவிலியம் 'கடன்' என்றே கொள்கின்றது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 'குற்றம்' என்கிறது. பின்னதற்கு நியாயம் உண்டு. செபத்தை அடுத்து வரும் விளக்க வசனங்களில் மத்தேயுவே 'குற்றம்' எனப் பொருள்படும் வேறொரு சொல்லை ஆளுகின்றார். மேலும், மன்னித்தல் என்னும் வினை தமிழிற் குற்றத்தோடு இயல்பாகப் பொருந்தும். கடனையோ நாம் தள்ளுபடி செய்வோம், மன்னிப்பதாகச் சொல்வதில்லை. முன்னரே மன்னித்து முடித்தமையைக் குறிக்கும் மத்தேயுவின் வினைக்காலத்தைக் காத்திருப்பதும் புதிய மொழிபெயர்ப்பே.

ஆயினும், பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை பழைய மொழிபெயர்ப்பே வலிமை வாய்ந்தது என்பது எமது கருத்து. குற்றம் என்றதும் நினைவு செய்த தீமையை நாடும்; செய்யாது விட்ட நன்மை அச்சொல்லுள் எளிதில் அடங்காது. கடன் என்னும் தமிழ்ச் சொல்லோ, வாங்கிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டும். நீத்தார் கடன், நேர்த்திக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்னும் வழக்குகளை நோக்குக. அரமேயச் சொல்லின் இருபொருள் வேறு, தமிழ்ச் சொல்லின் இருபொருள் வேறு எனினும், மனிதர் ஒருவரோடொருவர் பிணைந்து நிற்கும் நிலையை இரண்டும் காட்டுகின்றன. 'கடனை மன்னித்தல்' என்பதிலுள்ள சிறு முரண்கூட, பழகிய நாவை ஒருகணம் தடுத்து நிறுத்தும் பயனுடையது.

அத்தடை வேண்டற்பாலதே. 'மந்திரம்' என்ற பெயர், பொருளினும் ஒலிக்கும் உச்சரிப்புக்கும் ஆற்றல் உண்டு என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கக்கூடும். 53 அருள் நிறைந்த மந்திரங்களுக்கிடையே ஆறுமுறை இச்செபம் வரும் செபமாலையில், சொல் நாவோடு நின்றுவிடுவது எளிது. மத்தேயுவில் இச்செபத்துக்குச் சற்று முன்னர் வருவதோ, வீண்சொற்களை அலப்புதலுக்கு எதிரான எச்சரிக்கை. எனினும் திரும்பத் திரும்பச் சொல்வதையே குறையெனல் பொருந்தாது. ஆதித் திருச்சபையின் 'டிடாக்கே' என்னும் நூல் நாளொன்றுக்கு மும்முறை இதனைச் சொல்லுமாறு பணிக்கின்றது. உணவு அன்றாடம் வேண்டப்படுவதுபோல, கடனும் அன்றாடம் சேர்வதொன்றே. ஆதலின் விண்ணப்பமும் அன்றாடம் எழவேண்டியதாகின்றது.

தனியறையில் நின்று சொல்பவனும் 'எங்கள்' என்றே சொல்கின்றான். தான் விடுவித்த அளவையே தனக்கு அளவுகோலாக வைக்கும்படி அவன் கடவுளிடம் கேட்கின்றான். யாரையும் விடுவிக்காதவன் இதனைச் சொல்லுங்கால் தனக்கெதிராகவே வழக்குரைக்கின்றான். இச்செபத்தின் கடுமை இதுவே; 'குற்றம்' என்னும் சொல் அக்கடுமையை அகமனத்துக்குள் ஒடுக்கிவிட, 'கடன்' என்னும் சொல் அதனை வீட்டுக்கும் வயலுக்கும் சந்தைக்கும் கொண்டுவருகின்றது. மொழிபெயர்ப்பைத் திருத்துவோர் சொல்லின் எளிமையோடு இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.