பேசுகிறவருக்கு மட்டும் பயிற்சி போதுமா?

ஆண்டு மதிப்பீட்டில் "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் ஆகணும்" என்ற வரியை ஒருமுறையாவது சந்திக்காத ஐ.டி. ஊழியர் சென்னையிலோ கோவையிலோ குறைவு. அவர் எழுதிய கோடு சரியாக ஓடும், கெடுவும் தவறியிருக்காது. ஆனாலும் கிளையன்ட் காலில் வாய் திறப்பதில்லை, மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார் என்று மேனேஜர் எழுதிவிடுவார். அந்த ஒரு வரியால் ஆன்சைட் வாய்ப்பு வேறொருவருக்குப் போகும். பதவி உயர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இந்தக் குறைக்கு நிறுவனங்கள் இன்று கண்டிருக்கும் மருந்து கோச்சிங். நல்ல மருந்துதான். ஆனால் நோய் யாருக்கு என்று பார்க்காமலே அதைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இந்த முறையின் வேர் டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் டிமத்தி கால்வே 1974இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற நூலை எழுதினார். ஆட்டக்காரரின் மனத்துக்குள் ஓயாமல் குறைசொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவரது ஆட்டத்தைக் கெடுக்கிறது. அதை அடக்கினால் உள்ளே இருக்கும் திறமை தானே வெளிவரும் என்பது அவர் கருத்து. கார்ப் பந்தய வீரராக இருந்த பிரிட்டனின் ஜான் விட்மோர் அந்தச் சிந்தனையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அவரது 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்' 1992இல் வெளிவந்தது. உன் இலக்கு என்ன, இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதைச் செய்யப்போகிறாய் என்ற வரிசை அந்நூல் வழியே உலகெங்கும் பரவியது. வகுப்பெடுப்பவர் பாடம் சொல்வார். கோச் கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்பின் மதிப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று வேலைக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கைகட்டிக் கேட்டார், கல்லூரியில் குறிப்பெடுத்தார், வீட்டிலும் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் வளர்ந்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டு, ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்கும் மனிதர் அவருக்கு வாய்ப்பதே அபூர்வம். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் ஆங்கிலப் பேச்சுத் திறனையும் நேர்காணல் பயிற்சியையும் லட்சக்கணக்கான மாணவர்களிடம் கொண்டுபோயிருக்கிறது. தேவையான பணி அது. ஆனால் பெரும் கூட்டத்துக்கு நடத்தும் வகுப்பால் ஒருவரின் தொண்டை எந்த இடத்தில் அடைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தனியாள் பயிற்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் வெல்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. நல்ல கோச் இதைத் தெரிந்து வேலை செய்கிறார். திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் காலில் சொல்லவேண்டிய மூன்று வாக்கியங்களை வெள்ளிக்கிழமையே வாய்விட்டுச் சொல்லவைப்பார். பதிவுசெய்து திரும்பக் கேட்கவைப்பார். முடிவை முதலில் சொல், காரணத்தைப் பிறகு சொல் என்று திருத்துவார். அடுத்த வாரம் ஒரு கேள்வி கேட்கும் அளவுக்கு மட்டும் இலக்கை உயர்த்துவார். நீச்சலைக் கரையில் நின்று கற்பிக்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிக் கற்பிப்பது போன்றது இது. 2014இல் டச்சு ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோச்சிங்கால் வேலைத்திறனும் மனநலமும் இலக்கை நோக்கித் தன்னை நடத்திக்கொள்ளும் திறனும் மேம்படுவதைக் கண்டார்கள். இத்துறையின் ஆய்வுகள் பலவற்றில் பயிற்சி பெற்றவரே தன் முன்னேற்றத்துக்கு மதிப்பெண் போடுகிறார் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

ஊக்கச் சொல்லையே முழுப் பயிற்சியாக விற்கும்போது கதை மாறுகிறது. ஓட்டல் அரங்கில் ஒருநாள் பட்டறை, கைதட்டல், விளையாட்டு, மாலையில் சான்றிதழ். அன்று ஏறும் உற்சாகம் அந்த வாரம்கூடத் தாங்குவதில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் துணிச்சல் வரும் என்பதும் இத்தகைய பட்டறைகளில் பிடித்தமான பாடம். அது 42 பேரை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. 2015இல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது, துணிச்சலாக உணர்ந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்களே தவிர, முதல் ஆய்வு சொன்ன ஹார்மோன் மாற்றமோ நடத்தை மாற்றமோ தென்படவில்லை. அந்த முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரான டேனா கார்னி, 2016இல் இந்த விளைவு உண்மையென்று தான் நம்பவில்லை என வெளிப்படையாக அறிவித்தார். அந்த நேர்மை பட்டறைகளுக்கும் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை, சூழலின் குறையை ஆளின் குறையாகப் பார்ப்பது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்கள், கல்லூரிப் பட்டிமன்றத்தில் எதிரணியைத் திணறடித்தவர்கள் நம் அலுவலகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டீக்கடையில் சக ஊழியரிடம் ஒரு பக் எங்கிருந்து வந்தது என்று தமிழில் அழகாக விளக்கும் அதே மனிதர், மேனேஜர் இருக்கும் அறையில் "எஸ், ஓகே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரிடம் பேச்சும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. அந்த அறையில் பதவி குறுக்கே நிற்கிறது, அந்நிய மொழி குறுக்கே நிற்கிறது, தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்ற அனுபவமும் குறுக்கே நிற்கிறது. கால் சென்டர் பயிற்சிகளில் தாய்மொழிச் சாயலை 'எம்.டி.ஐ.' என்று பெயரிட்டு, அதைக் களைய வேண்டிய பிழையாகவே நடத்தினார்கள். தெளிவாகப் பேசக் கற்பிப்பது கோச்சின் கடமை. ஊரின் ஒலியை நாக்கிலிருந்து சுரண்டுவது அவமதிப்பு. அதிலிருந்து தன்னம்பிக்கை பிறக்காது.

துணிந்து பேசினால் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்கிறதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா பிரெஸ்கால் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பேசும் ஆண் தலைமை அதிகாரியைத் திறமைசாலி என்று மதித்தவர்கள், அதே அளவு பேசும் பெண் அதிகாரிக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசுங்கள்" என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் கோச், அந்த அறையில் அவருக்குக் காத்திருக்கும் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பேசுகிறவரை மட்டுமல்ல, கேட்கிறவரையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்பதை முழுதாகப் புரிந்துகொண்ட துறை விமானத் துறை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற கவலையில் கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வானில் சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைவது உடனிருந்த ஃபிளைட் இன்ஜினியருக்குத் தெரியும். சொல்லவும் செய்தார், ஆனால் கேப்டனை உலுக்கும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. 10 பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கீழே இருப்பவர்களுக்கு உறுதியாகப் பேசும் பயிற்சி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. கூடவே, கேப்டன்களுக்கு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள் என்றும் சொன்னது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி தொடங்கியது.

1989 ஜூலையில் அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம், கட்டுப்பாட்டுக்கான ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் வானில் இழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரையும் காக்பிட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, எல்லோர் யோசனையையும் கேட்டபடி சியூ சிட்டியில் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார். 112 பேர் இறந்தார்கள் என்றாலும் 184 பேர் பிழைத்தார்கள். அதற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று ஹெய்ன்ஸ் பல மேடைகளில் சொன்னார்.

மருத்துவமனைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன் கண்டதும் இதையொட்டியே வருகிறது. நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். அதிகமாகவே பதிவாகியிருந்தன. தண்டனை வராது என்ற நம்பிக்கை இருந்த இடத்தில் தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, குழுவில் அச்சமின்றிப் பேச முடிகிறதா என்பது மேலாண்மைத் துறையின் முக்கியமான கேள்வியாயிற்று.

இதே அச்சம் கோச்சிங் அறைக்குள்ளும் வரலாம். கோச்சிங்குக்குப் பணம் தருவது நிறுவனம், மனம் திறப்பது ஊழியர். அந்த அறையில் சொன்னது எச்.ஆர். மேசைக்குப் போகுமா என்ற சந்தேகம் இருந்தால் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது. நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே எது நிறுவனத்திடம் போகும், எது போகாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க ஊழியருக்கு உரிமை உண்டு. அதைக் கொடுக்கத் தயங்கும் கோச்சிடம் போகவேண்டாம்.

மேனேஜர்களிடமும் எச்.ஆர். தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் குழுவில் ஒருவரைக் கோச்சிங்குக்கு அனுப்பினால், அவர் உட்காரும் மீட்டிங்கை நடத்துகிறவரையும் அனுப்புங்கள். முதல் பத்து நிமிடம் இளையவர்கள் பேசட்டும், பதவியில் பெரியவர் கடைசியில் பேசட்டும். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் தமிழில் சொல்லி முடிக்கட்டும். கிளையன்டுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச்சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. தவறைச் சுட்டிக்காட்டியவருக்கு அதே கூட்டத்தில் நன்றி சொல்லுங்கள். மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் வாய் திறக்காதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கோச்சிங் பட்ஜெட்டை அவர்களுக்குச் செலவிடுங்கள்.