சீட்டும் புத்தகமும்

நான்கு வண்ணப் படத்துக்கு நான்கு ஸ்கிரீன் வேண்டும் என்பதைத் திருப்பூர் பனியனில் நாம் கண்டிருக்கிறோம். புத்தகத்தின் உள்ளட்டையில் உரியவர் பெயரோடு ஒட்டும் சித்திரச் சீட்டுகளைத் துருக்கியக் கலைஞர் பலர் இவ்வாறே வண்ணம் வண்ணமாக அச்சிடுகின்றனர். லினோலியத்தில் வேண்டாததைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய மேட்டில் மை தடவி ஒற்றுகின்றனர். 1997இல் ஹசிப் பெக்தாஷ் அங்காராவில் நிறுவிய சங்கம் இக்கலையை வளர்த்தது. 2010இல் இஸ்தான்புல்லில் உலக மாநாடு கூடிற்று.

ஆயினும் ஒரு குறை. சேகரிப்போர் தமக்குள் மாற்றிக்கொள்ளும் பொருளாகிவிட்ட சீட்டுகள் பல, புத்தகத்தைக் காணாமலே ஆல்பத்தில் உறங்குகின்றன. அழகு வளர்ந்தது, பணி மறந்தது. அவற்றிலுள்ள ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்னும் இலத்தீன் தொடருக்கு ‘இன்னாருடைய நூல்களிலிருந்து’ என்று பொருள். இரவல் பெற்றவர் திருப்பித் தருவார் என்னும் நம்பிக்கையன்றோ அது? நம் பங்கு நூலகத்தின் ரப்பர் முத்திரை அழகற்றதே. அந்த நம்பிக்கையை அது இன்னும் சுமக்கிறது.