செவிகொடுக்கும் கலை

பள்ளி ஆலோசகரின் முதன்மைக் கருவி காது. மதிப்பெண் குறைந்ததென்று அனுப்பப்படும் மாணவியிடம் பாடத்தைப் பற்றிக் கேட்காமல், காலையில் என்ன சாப்பிட்டாள், பேருந்தில் யாரோடு வந்தாள் என்று தொடங்குவதே கைதேர்ந்தவரின் முறை. நடுவே விழும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாத அந்தப் பொறுமைதான் இத்தொழிலின் அழகு. கேட்டதை ரகசியமாகக் காப்பார். உயிருக்கு ஆபத்தென்றால் விதிவிலக்கு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவார். பாலியல் குற்றம் தெரியவந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். மனநோயைக் கண்டறிவது அவர் வேலையல்ல; அது மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரின் வேலை.

புதுக்கோட்டை மாவட்டக் குளத்தூர் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஆலோசகர் அருகில் இல்லாதபோது, பள்ளிக் கல்வித்துறை 2018இல் தொடங்கிய 14417 உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098உம் உண்டு. ஆனால் தொலைபேசியில் குரல் மட்டுமே வரும். நகம் கடிக்கும் விரல்களை நேரில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.