கலகக்காரரும் வரலாற்றாசிரியரும்: எஸ்.பொ.வின் ‘வரலாற்றில் வாழ்தல்’

ஈழத்துத் தமிழிலக்கியத்திற் கலகக்காரர் என்னும் பெயர் எஸ். பொன்னுத்துரைக்கு (1932–2014) நிலைத்துவிட்டது. ‘தீ’ (1961) நாவலின் பாலியற் சித்திரிப்பு எழுப்பிய கண்டனங்கள் அப்பெயரை உறுதிப்படுத்தின. ஆயின் அக்கலகங்களையும் அவற்றிற் பங்குகொண்டோரையும் எழுத்திற் பதிந்தவரும் அவரே என்பதனை நாம் போதியளவு கவனித்தோமல்லோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்த எஸ்.பொ. மட்டக்களப்பில் ஆசிரியராக நெடுங்காலம் வாழ்ந்தவர். இவ்விடமாற்றம் வெறும் தொழில் நிமித்தமானதெனக் கொள்ளுதல் போதாது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் வாவிக்கரை, யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சற்று விலகிநின்று பார்க்கும் வாய்ப்பை அவருக்களித்தது. ‘இஸ்லாமும் தமிழும்’ என்னும் நூலை அவர் எழுதியமை தற்செயலன்று.

1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலிருந்து 1960களின் முற்பகுதியிற் பிரிந்து, ‘நற்போக்கு’ என்னும் கொடியை அவர் உயர்த்தினார். இப்பிரிவினைக்குக் கோட்பாடு காரணமா, ஆளுமை மோதல் காரணமா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. இரண்டையும் பிரித்தெடுத்தல் இயலாதென்பதே நமது கருத்து. 2003இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த ‘வரலாற்றில் வாழ்தல்’ அதற்குச் சான்று. அங்கு கொள்கையைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாகவும், ஆளைப் பற்றியது மீண்டும் கொள்கையாகவும் மாறிக்கொண்டேயிருக்கும். வாசிப்புச் சுவைக்குக் குறைவில்லை. வசையிலுங்கூட மொழி துள்ளுகின்றது.

எனினும் ஆய்வாளர் இந்நூலை ஆவணமாகக் கொள்ளுமிடத்து எச்சரிக்கை தேவை. க. கைலாசபதி 1982இலும் கே. டானியல் 1986இலும் மறைந்தவர்கள். அவர்களைப் பற்றி எஸ்.பொ. கூறுவனவற்றுக்கு மறுமொழி கூற அவர்கள் இல்லை. ஆகவே மு. தளையசிங்கத்தின் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யையும், டொமினிக் ஜீவாவின் தன்வரலாற்றையும் (1999) பக்கத்தில் வைத்தே இதனைப் படித்தல் வேண்டும். தளையசிங்கம் அதே காலப்பகுதியை ஓரளவு உடனிகழ்வாகவே எழுதியவர், எஸ்.பொ.வோ நாற்பதாண்டு கடந்து, அவுஸ்திரேலியாவிற் குடியேறிய பின்னர் எழுதுகிறார். இடைப்பட்ட காலம் நினைவைத் தெளிவித்ததா, காயத்தை ஆழமாக்கிற்றா என்பதை நிகழ்ச்சிதோறும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

முற்போக்கு அணியினர் பலர் இந்நூலைத் தனிமனித வெறுப்பின் விளைவெனக் கூறி ஒதுக்கினர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. சாதியொடுக்குமுறைக்குட்பட்ட சமூகத்திலிருந்து எழுந்த ஓர் எழுத்தாளன், ஒடுக்கப்பட்டோருக்காகவே குரல்கொடுத்த இயக்கத்துடன் ஏன் முரண்பட்டான் என்பது அவ்வியக்கமே விடைகாணவேண்டிய வினா. எஸ்.பொ. கூறும் விடை ஒருபக்கச் சார்பானது. மறுபக்கத்தவர் இத்தகைய விரிவில் இன்னும் எழுதவில்லை.