முடிவை நிர்ணயித்த சமர் எது?

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் முடிவை நிர்ணயித்த சமர் யாதென வினவின், ஸ்டாலின்கிராட் என்பதே பலர் கூறும் விடையாகும். 1943 பெப்ரவரி 2ஆம் நாள் அங்கே ஜேர்மனியரின் ஆறாவது சேனையில் எஞ்சியோரும் சரணடைந்தனர்; ஏறத்தாழ 91,000 வீரர் சிறைப்பட்டனர். இத்துணைப் பெருந்தோல்வியையே யுத்தத்தின் திருப்பமெனக் கருதுதல் இயல்பே. எனினும், தோல்வியின் அளவு வேறு; அதன் விளைவு வேறு.

ஹிட்லரின் திட்டம் விரைவான வெற்றி என்னும் ஒரே தூணின்மீது நின்றது. 1941 யூன் 22இல் தொடங்கிய படையெடுப்பு குளிர்காலத்துக்கு முன் முடிதல் வேண்டும் என்பது அவன் கணக்கு. டிசெம்பர் 5இல் மொஸ்கோவின் அண்மையிலே செஞ்சேனை எதிர்த்தாக்குதல் தொடங்கியதும் அத்தூண் முறிந்தது. டிசெம்பர் 11இல் அமெரிக்காமீதும் அவன் போர்ப்பிரகடனஞ் செய்தான். அதன்பின் நிகழ்ந்தது நெடும்போர். நெடும்போரில் வெல்வன ஆலைகளும் எண்ணெயும் ஆட்பலமுமே.

1941இல் லெனின்கிராட், மொஸ்கோ, கீவ் என மும்முனையிலும் பாய்ந்த படை, 1942இல் தென்முனை ஒன்றிலேயே பெருந்தாக்குதல் நடத்தும் நிலைக்குத் தாழ்ந்தது. கோக்கசஸ் எண்ணெயை நாடிய அத்தாக்குதலே ஸ்டாலின்கிராட்டில் முடிந்தது.

மொஸ்கோவுக்குப் பின்னும் சோவியத் நாடு தோற்றிருத்தல் கூடுமே என்பர் சிலர். அக்கூற்றிலும் உண்மை உண்டு. 1942 கோடையிலே சோவியத் படைகள் பட்ட இழப்புக்கள் அதற்குச் சான்று. ஆதலின், ஸ்டாலின்கிராட்டின் சிறப்பை மறுத்தல் எம் நோக்கமன்று. ஜேர்மனியின் வெற்றிக்கு வழியை அடைத்தது மொஸ்கோ. அதன் தோல்வியை உறுதிசெய்தது ஸ்டாலின்கிராட். இவ்விரண்டில் முன்னையதே முடிவை நிர்ணயித்தது என்பது எமது துணிபு.