39-க்கு 8

சங்கரன்கோவிலில் கிளம்பி புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போனால் சாலை பெரும்பாலும் சமதளம். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவைத் தொட்டதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். ஆரியங்காவு வரை மலைதான். பழைய மஹிந்திரா ஜீப்பை இந்த வழியில் ஒருமுறை ஓட்டினால் போதும், பின் ஆக்சிலின் பல் கணக்கு உடம்புக்கே புரிந்துவிடும்.

1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பித்த மஹிந்திரா, பின்னாளில் சிஜே-3பி மாடலைப் பல ஆண்டுகள் தயாரித்தது. அதன் ஆக்சில் ஹவுசிங்குக்குள் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்துக்கு 8 பல், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு 43. வகுத்தால் 5.38. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்துக்கு மேல் சுற்ற வேண்டும். மலையில் அது வரம். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகம் பிடித்தாலோ, டாப் கியரிலேயே எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,150 சுற்று கதறும்.

இரண்டாம் உலகப் போர் கண்ட வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 39-க்கு 8, அதாவது 4.88. பிந்தைய ஜீப்புக்கும் அதே விகிதத்தில் பினியன்-கிரவுன் செட் போட்டால், 80-இல் சுமார் 2,860 சுற்றுதான். இழுவையில் 9 சதவீதம் போகும். பேச்சு காதில் விழும். நல்ல பேரம். ஆனால் நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்பீடோமீட்டருக்கான ஓட்டம் ஆக்சிலுக்கு முன்பே எடுக்கப்படுவதால், அதன் கியரையும் திருத்த வேண்டும்; விட்டுவிட்டால் முள் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும்.

இந்த எண்களில் ஓர் அழகு இருக்கிறது. 8-க்கும் 43-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. 8-க்கும் 39-க்கும் அப்படியே. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். ஏதோ ஒரு ஜோடி மட்டும் தேய்ந்து போகாது.

உண்மையான கைவண்ணம் செட்டைப் பொருத்துவதில்தான். அமெரிக்காவின் பேக்கார்டு கார் 1926-இல் கொண்டுவந்த ஹைப்பாய்டு முறையில், பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே உட்காரும். பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், ஆயிலும் இதற்கென்றே தயாரித்ததாக வேண்டும். மெக்கானிக் பல்லில் நிற மை தடவி, கையால் சுற்றி, பதிந்த தடத்தைப் பார்க்கிறார். தடம் பல்லின் அடியில் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனிக்கு ஏறியிருந்தால் வெளியே நிற்கிறது. தாள் போன்ற ஷிம் ஒன்றை எடுத்து, இன்னொன்றை வைத்து, மறுபடி கோத்து, மறுபடி சுற்றுகிறார். இரு பற்களுக்கு இடையிலான ஆட்டம் பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. பொறுமையில்லாத கை இங்கே தோற்கும். தோற்றதை வண்டி ஊளையிட்டே சொல்லும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை வருகிறதா, காலை எடுக்கும்போதா என்பதை வைத்தே, பல்லின் எந்த முகத்தில் குறை என்று தேர்ந்த காது பிரித்துவிடும்.

சென்னைப் புறநகர் வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் குடும்பம் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் கலைக்கு இன்னொரு பாடம். இங்கிலாந்தில் அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 948 சிசி எஞ்சினோடு 4.875 விகிதத்தில் வந்தது. ஹெரால்டு 1200 மாடல் வந்ததும் 4.11. அதே வம்சத்து ஸ்பிட்ஃபயர் பிறகு 3.89, கடைசியாக 3.63 வரை இறங்கியது. எஞ்சினுக்குத் தெம்பு கூடக் கூட, ஆக்சில் விகிதத்தை இறக்கிக்கொண்டது.

வேகப் பிரியர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். 2011-இன் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி மேனுவலில் 3.31 சாதாரணம், கேட்டு வாங்கினால் 3.73. எல்லா கியரிலும் இழுவை சுமார் 13 சதவீதம் கூடும், ஒவ்வொரு கியரும் சீக்கிரமே முடியும், கியர் லீவரில் கைக்கு ஓயாத வேலை. மேனுவல் வண்டியை விரும்புகிறவருக்கு அந்த வேலையே இன்பம். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போகிறவருக்கு அதுவே தொல்லை.

ஒரு படி மாற்றுவது ரசனை, மூன்று படி தாண்டுவது பெரும்பாலும் வருத்தத்தில் முடியும். விகிதத்தை மாற்ற நினைப்பவர்கள் செட் வாங்கும் முன், தினமும் போகும் சாலையில் எந்த கியரில் எவ்வளவு சுற்று ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு மெக்கானிக்கிடம் போங்கள்.